சின்னஞ்சிறு கிளியே – ஏழாம் கண்ணிக்கு அப்பால்

பாட்டும் பாடுவோரும்

கவிதை ஏட்டில் எழுதப்படுகிறது, நாவில் வாழ்கிறது. ஏட்டில் உள்ள கவிதைக்கு ஆசிரியர் ஒருவரே. நாவில் வாழும் கவிதைக்கோ, அதைப் பாடியோர் அனைவரும் ஓரளவு ஆசிரியராகிவிடுகின்றனர். ஒருவர் இராகத்தை மாற்றுகிறார். ஒருவர் தாளத்தைத் தளர்த்துகிறார். ஒருவர் ஒரு கண்ணியை விட்டுவிடுகிறார். வேறொருவர் ஒரே சொல்லில் நெடுநேரம் தங்குகிறார். இவ்வாறு பல குரல்களின் வழியே நம்மிடம் வந்து சேர்ந்த பாட்டு, கவிஞன் அனுப்பிய பாட்டுத்தானா என்று கேட்பது திறனாய்வின் கடமைகளுள் ஒன்றாகும்.

உலகின் பிற பகுதிகளிலும் இவ்வழக்கு உண்டு. அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே தோன்றிய ‘சோல்’ இசையை எண்ணிப் பார்க்கலாம். ‘சோல்’ என்றால் ஆன்மா. நம் வழக்கில் உயிர் என்றும் ஆவி என்றும் சொல்லத் தகும். தேவாலயத்தில் இறைவனை நோக்கி உருகிப் பாடிய முறையை, மனிதர்மேல் கொண்ட அன்பையும் மனிதரின் துயரையும் பாடுவதற்கு அம்மக்கள் கைக்கொண்டபோது அவ்விசை பிறந்தது. கர்ட்டிஸ் மேஃபீல்ட் என்பார் இயற்றி, ‘தி இம்ப்ரெஷன்ஸ்’ என்ற மூவர் குழு 1965இல் பாடிய ‘பீப்பிள் கெட் ரெடி’ என்ற பாட்டு அவ்வகையில் புகழ்பெற்றது. விடுதலையை நோக்கிச் செல்லும் ஓர் இரயில் வண்டி அப்பாட்டின் உயிர்நிலை. 1968இல் அரீத்தா ஃபிராங்ளின் அதைத் தம் போக்கில் பாடினார். ஜமைக்கா நாட்டின் பாப் மார்லி 1977இல் வெளிவந்த தம் ‘ஒன் லவ்’ பாட்டுக்குள் அதன் எச்சரிக்கைப் பகுதியை மட்டும் இணைத்துக்கொண்டார், இரயிலை விட்டுவிட்டார். ஒரு பாடகர் எடுத்துக்கொண்டது எது, விட்டது எது என்ற இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் அவர் அப்பாட்டைக் கொண்டு என்ன செய்தார் என்பது விளங்கும்.

தமிழில் இவ்வாறு எடுப்பும் விடுப்பும் கண்டு ஆராயத் தக்க பாட்டு ஒன்றைச் சொல்லச் சொன்னால், மகாகவி பாரதியின் ‘சின்னஞ்சிறு கிளியே’ என்ற பாட்டையே நாம் சொல்வோம். கச்சேரி மேடையிலும், திரைப்படத்திலும், வானொலியிலும், ஒலிநாடாவிலும், இன்று கைப்பேசியிலும் அது ஒலிக்கிறது. தமிழகத்துக்கு வெளியே வாழும் நம் போன்ற குடும்பங்களின் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்லும் சில தமிழ்ப் பாட்டுகளுள் அதுவும் ஒன்று. ஆதலின் அதைப் பற்றிய ஆராய்ச்சி நமக்கு வீட்டுக் கணக்குப் பார்ப்பது போன்றதேயாகும்.

பத்துக் கண்ணிகள்

‘கண்ணன் பாட்டு’ 1917இல் பரலி சு. நெல்லையப்பரால் முதலில் வெளியிடப்பட்டது. 1919இல் வெளிவந்த இரண்டாம் பதிப்புக்கு வ.வே.சு. ஐயர் முன்னுரை எழுதினார். பாரதி 1908 முதல் 1918 வரை புதுவையில் அடைக்கலம் புகுந்து வாழ்ந்தவர். அந்நூலில் கண்ணனைத் தோழனாக, தாயாக, தந்தையாக, சேவகனாக, அரசனாக, சீடனாக, காதலனாகப் பலவாறு பாடிய கவிஞர், ‘கண்ணம்மா – என் குழந்தை’ என்ற தலைப்பில் இப்பாட்டை வைத்தார். பராசக்தியைக் குழந்தையாகக் கண்டு சொல்லிய பாட்டு என்பது அவரே தந்த குறிப்பு.

தெய்வத்தைக் குழந்தையாகக் காண்பது தமிழுக்குப் புதிதன்று. பெரியாழ்வார் யசோதையாகித் தாலாட்டினார். குமரகுருபரர் மதுரை மீனாட்சியைப் பிள்ளைத்தமிழாற் பாடினார்; வருகைப் பருவம் அரங்கேறியபோது அம்மை சிறுமியாக வந்து புலவர்க்கு முத்துமாலை அணிவித்தாள் என்பது மரபு வழிக் கதை. பெண்பாற் பிள்ளைத்தமிழுக்குப் பருவம் பத்து. பாரதியின் பாட்டுக்கும் கண்ணி பத்து. இவ்வெண்ணொப்புமை தற்செயலாகவும் இருக்கலாம். ஆயினும் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கையில் ஒரு வேறுபாடு தெளிவாகிறது. பிள்ளைத்தமிழ்ப் புலவர் குழந்தையிடம் வேண்டி நிற்கிறார்: முத்தம் தருக, எழுந்து வருக, சப்பாணி கொட்டுக என்கிறார். பாரதியின் பாட்டிலோ குழந்தை கேளாமலே ஓடி வருகிறது. முத்தம் ஏற்கெனவே நிகழ்ந்துவிட்டது. குழந்தை என்ன செய்ய வேண்டும் என்பது அங்கே பேச்சில்லை. அது செய்ததெல்லாம் தந்தையின் உள்ளத்தில் என்ன விளைத்தது என்பதே பேச்சு. பிள்ளைத்தமிழின் அமைப்பை உள்ளிருந்தே திருப்பிவிட்ட புதுமை இது.

பொருளைச் சுருங்கச் சொல்வோம். முதற் கண்ணியில் குழந்தை செல்வமாகவும், கலியைத் தீர்க்க வந்தவளாகவும் விளிக்கப்படுகிறாள். இரண்டாவதில் பேசுகின்ற பொற்சித்திரமாகி அணைக்கத் தூண்டுகிறாள். மூன்றாவதில் அவள் ஓடியாடுவதைக் கண்டு தந்தையின் ஆவி அவளைச் சென்று தழுவுகிறது. நான்காவதில் உச்சி மோந்த பெருமிதமும், ஊரார் புகழக் கேட்ட சிலிர்ப்பும் வருகின்றன. ஐந்தாவதில் முத்தத்தால் விளைந்த மயக்கம். ஆறாவதில் திருப்பம்: குழந்தையின் முகம் சற்றே சிவந்தாலும் நெற்றி சற்றே சுருங்கினாலும் தந்தைக்கு அச்சம். ஏழாவதில் அவ்வச்சம் முதிர்கிறது. குழந்தையின் கண்ணீர் தந்தையின் நெஞ்சில் குருதியாகிறது. எட்டாவதில் குழந்தையின் மழலை அவன் துன்பத்தைத் தீர்க்கிறது. முல்லைச் சிரிப்பு அவனுடைய முரட்டுத்தனத்தைப் போக்குகிறது. ஒன்பதாவதில் இன்பக் கதை சொல்வதில் எந்த ஏடும், அன்பு தருவதில் எந்தத் தெய்வமும் அவளுக்கு ஈடில்லை என்கிறார். பத்தாவதில் மார்பில் அணியும் வைரமும், சீரோடு வாழத் துணையாகும் செல்வமும் அவளே ஆகிறாள்.

இவ்வரிசையை மனத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும். இன்பத்தில் தொடங்கி, அச்சத்தில் இறங்கி, கண்ணீரில் ஆழ்ந்து, பின் மழலையைப் பற்றிக்கொண்டு கரையேறும் பாட்டு இது. கண்ணீர் இதன் நடுவே வரும் பள்ளம், முடிவன்று.

பைரவியும் காபியும்

பாரதி இப்பாட்டுக்குப் பைரவி இராகமும் ரூபக தாளமும் குறித்தார். சுர வரிசை ஒன்றையும் எழுதி வைத்தார். அத்தோடு நில்லாமல், அவ்வரிசையை மாதிரியாகக் கொண்டு, பாடுவோர் தத்தம் மனோபாவத்துக்கு ஏற்ப மாற்றிப் பாடலாம் என்ற கருத்துப்படக் குறிப்பும் தந்தார். தம் படைப்பில் கை வைக்கலாகாது என்று காவல் போடும் கவிஞர் பலர்; கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போன கவிஞர் இவர். பாரதியின் குரல் எந்த இசைத்தட்டிலும் பதிவாகவில்லை. இருப்பினும் இக்குறிப்பில் அவருடைய குரல் கேட்கிறது.

கதவைக் கவிஞர் திறந்து வைத்தாலும், சட்டம் சிறிது காலம் அதைச் சாத்தியே வைத்திருந்தது. பாரதி 1921இல் மறைந்தபின் அவர் பாடல்களின் உரிமை பல கைகளுக்குச் சென்றது. ஒலிப்பதிவு, ஒலிபரப்பு உரிமை ஏவி. மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்தது. 1947இல் அவர் எடுத்த ‘நாம் இருவர்’ படத்தில் டி.கே. பட்டம்மாள் பாரதி பாடல்களைப் பாடினார். மக்களின் கவிஞர் மக்களுக்கே உரியவர் என்ற கிளர்ச்சி எழுந்தது. செட்டியார் தம் உரிமையை ஈடு பெறாமலே விட்டுக்கொடுத்தார். 1949இல் சென்னை அரசு பாரதி படைப்புகளின் உரிமையை ஏற்றது. நூலாசிரியர் ஒருவரின் படைப்புகள் நாட்டுடைமையான வரலாற்றில் இது முன்னோடி நிகழ்ச்சி. இன்று நம் வீட்டுப் பிள்ளை இப்பாட்டை எவரிடமும் இசைவு கேளாமல் மேடையேறிப் பாடுகிறதென்றால் அதற்குப் பின்னால் இவ்வளவு வரலாறு இருக்கிறது.

1951இல் என்.எஸ். கிருஷ்ணன் இயக்கிய ‘மணமகள்’ வெளிவந்தது. சி.ஆர். சுப்பராமன் இசையில் எம்.எல். வசந்தகுமாரியும் வி.என். சுந்தரமும் இப்பாட்டைப் பாடினர். பைரவி போயிற்று, காபியில் தொடங்கி இராகங்கள் மாறிச் செல்லும் மாலிகையாகப் பாட்டு புத்துருவம் பெற்றது. சுப்பராமன் அடுத்த ஆண்டே இளம் வயதில் மறைந்தார். அவர் அமைத்த மெட்டு நிலைபெற்றது. இன்று ‘சின்னஞ்சிறு கிளியே’ என்றவுடன் நம் செவியில் எழுவது அம்மெட்டே. ஜி.என். பாலசுப்பிரமணியத்தின் மாணவியாகிய வசந்தகுமாரி அதைத் திரையிலிருந்து கச்சேரி மேடைக்கும் எடுத்துச் சென்றார். மகாராஜபுரம் சந்தானமும் பின்வந்த பாடகர் பலரும் மேடைதோறும் அதைப் பாடினர். திரைப்பாட்டைத் தீண்டாத சபைகளும் இதற்கு மட்டும் வாயில் திறந்தன.

பாரதி குறித்த இராகத்தை மாற்றியது தவறென்பார் உளர். அவ்வாதம் நமக்கு உடன்பாடன்று. மாற்றிப் பாட இசைவு தந்தவர் கவிஞரே. அன்றியும், பைரவி கனமான இராகம். அதன் வாயிலாகப் பார்த்தால் குழந்தைக்குப் பின்னே நிற்கும் பராசக்தியே முதலில் கண்ணிற்படுவாள். காபியோ தமிழ்ச் செவிக்கு யசோதையின் இராகம். பாபநாசம் சிவனின் ‘என்ன தவம் செய்தனை’ அவ்வுறவை உறுதிப்படுத்திவிட்டது. சுப்பராமன் தெய்வத்தைச் சற்றுப் பின்னே நிறுத்திக் குழந்தையை முன்னே கொண்டுவந்தார். இராகங்கள் மாறிமாறி வருவது, ஒவ்வொரு கண்ணியிலும் தந்தையின் உள்ளம் மாறுவதற்குப் பொருந்துகிறது. கவிதையைப் படித்து உணர்ந்தவரே இவ்வாறு மெட்டமைக்க இயலும்.

இரண்டு குரல்கள்

1987இல் ‘நீதிக்குத் தண்டனை’ படத்தில் இப்பாட்டு மீண்டும் திரையேறியது. இசையமைத்தவர் எம்.எஸ். விசுவநாதன். இளமையில் சுப்பராமனின் இசைக்குழுவில் பயின்றவர் அவர். ஆசானின் கைபட்ட பாட்டு மாணவரின் கைக்கு வந்தது. பாடியோர் கே.ஜே. ஜேசுதாசும் சுவர்ணலதாவும். சுவர்ணலதாவுக்கு அதுவே முதல் திரைப்பாட்டு. 1973இல் பிறந்த அவர் அப்போது தாமும் ஒரு சிறுமியே.

இவ்விருவரைப் பற்றிக் கொச்சித் தமிழராகிய நாம் சற்றே தங்கி எண்ண வேண்டும். ஜேசுதாசு 1940இல் கோட்டைக் கொச்சியில் பிறந்தவர். நம் கொச்சங்காடியிலிருந்து நடந்து செல்லும் தொலைவு. அவர் தந்தை அகஸ்டின் ஜோசப் நாடக மேடையில் பாடி நடித்தவர். ஜேசுதாசின் முதல் திரை ஒலிப்பதிவு 1961இல் எம்.பி. சீனிவாசன் என்ற தமிழரின் இசையில், ‘கால்பாடுகள்’ என்ற மலையாளப் படத்துக்காக நிகழ்ந்தது. பாடியது ஸ்ரீ நாராயண குருவின் செய்யுள். அதே சீனிவாசன்தான் பின்னாளில் மெட்ராஸ் யூத் கொயர் என்ற சேர்ந்திசைக் குழுவை அமைத்துப் பாரதி பாடல்களைப் பலர் கூடி ஒருகுரலாகப் பாடச் செய்தவர். சுவர்ணலதா பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்தவர். ஆக, 1987க்குப் பின் பிறந்த தமிழ்ப் பிள்ளைகள் பலரின் செவியில் இப்பாட்டைச் சேர்த்த குரல்கள் இரண்டும் கேரள மண்ணில் பிறந்தவை. தமிழகத்து எல்லைக்கு வெளியே பிறந்த நாவில் தமிழ் தங்காது என்பார்க்கு இதைவிட விடை வேண்டுமோ?

இனி ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். 1951லும் சரி, 1987லும் சரி, திரைப்படம் இப்பாட்டை ஆண் குரலும் பெண் குரலுமாகப் பகிர்ந்துகொண்டது. கவிதையில் இருப்பது ஒரே குரல். இரு குரலாகும்போது அது ஒரு குடும்பத்தின் பாட்டாகிவிடுகிறது, அது நன்மையே. தாயும் தந்தையும் சேர்ந்து கொஞ்சுவதைக் கேட்கையில் மனம் நிறைகிறது. ஆயினும் கவிதையில் உள்ள அந்தத் தனி மனிதன் மறைந்துவிடுகிறான். கலியில் உழன்றவன், துன்பமுற்றவன், தன்னிடம் முரட்டுத்தனம் உண்டென்று எட்டாம் கண்ணியில் தானே ஒப்புக்கொள்பவன் அவன். குழந்தைக்குத் தான் பட்டிருக்கும் கடனை எண்ணிப் பார்ப்பவன். தாலாட்டில் பாடுவோர் கொடுப்பவர், குழந்தை பெறுவது. இப்பாட்டிலோ கொடுப்பவள் குழந்தை, பெறுகிறவன் தந்தை. இசையின் இனிமையில் மூழ்கி இதை ஒரு தாலாட்டாகவே நாம் கேட்டுப் பழகிவிட்டோம்.

விடப்பட்ட மூன்று கண்ணிகள்

இனி எடுப்பையும் விடுப்பையும் பார்ப்போம். மேடையிலும் இசைத்தட்டிலும் பத்துக் கண்ணிகளும் முழுமையாக ஒலிப்பது அரிது. பரவலாகப் பாடப்படும் வடிவம் முற்பகுதியிற் சில கண்ணிகளைப் பாடி, கண்ணீரைச் சொல்லும் ஏழாம் கண்ணியில் பெரும்பாலும் நின்றுவிடுகிறது. எட்டும் ஒன்பதும் பத்தும் விடப்படுகின்றன.

இதற்குக் காரணம் கூறலாம். இசைத்தட்டின் ஒரு பக்கத்துக்குள் அடங்க வேண்டும் என்ற நெருக்கடி அக்காலத்தில் இருந்தது. திரைக்காட்சிக்கு நீளம் ஒத்துவராது. கச்சேரியின் இறுதிப் பகுதியில் துக்கடாவாகப் பாடும்போது காலம் போதாது. அன்றியும் இசை நோக்கில் ஏழாம் கண்ணி உச்சநிலை. நெஞ்சை உருக்கி முடிப்பதற்கு அதனினும் ஏற்ற இடம் கிடையாது. பாடகரைக் குறை கூற நாம் முன்வரவில்லை. அவர் தம் கலைக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டார்.

ஆயினும் கவிதைக்கு நேர்ந்த இழப்பைக் கணக்கிட வேண்டும். விடப்பட்ட மூன்று கண்ணிகளும் எதைப் பற்றியவை? எட்டாவது குழந்தையின் மழலைப் பேச்சு; ஒன்பதாவது கதையும் ஏடும்; பத்தாவது அணியும் செல்வமும். அதாவது, குழந்தையின் உடலழகையும் ஓட்டத்தையும் முத்தத்தையும் கண்ணீரையும் பாடிவிட்டு, குழந்தை வாய் திறந்து பேசத் தொடங்கும் இடத்தில் நாம் பாட்டை நிறுத்திவிடுகிறோம். இரண்டாம் கண்ணியிலேயே அவளைப் பேசுகின்ற சித்திரம் என்றார் கவிஞர். அவள் பேசுவதைக் கேட்பதற்கு எட்டாம் கண்ணி வரையில் காத்திருந்தார். நாம் காத்திருப்பதில்லை.

மழலையைப் போற்றுவது தமிழின் பழைய வழக்கம். குழலும் யாழும் இனியவை என்போர் தம் மக்களின் மழலையைக் கேளாதவரே என்பது வள்ளுவர் கருத்து. புறநானூற்றில் பாண்டியன் அறிவுடை நம்பி, குறுகுறுவென நடந்து வந்து சோற்றில் கையிட்டு அளைந்து மேலெல்லாம் சிதறும் குழந்தையைப் பாடி, அத்தகைய மக்கள் இல்லாதார்க்கு வாழ்நாளின் பயன் இல்லை என்றான். பாண்டியன் குழந்தையின் செயலைக் கண்டான். வள்ளுவர் குழந்தையின் சொல்லைக் கேட்டார். பாரதி ஏழு கண்ணிகளில் பாண்டியன் வழியில் சென்று, எட்டாவதில் வள்ளுவரோடு சேர்ந்துகொள்கிறார். அதற்கும் ஒருபடி மேலே செல்கிறார். வள்ளுவர்க்கு மழலை செவிக்கு இன்பம். பாரதிக்கு அது துன்பம் தீர்க்கும் மருந்து, முரடனை மென்மையாக்கும் ஆற்றல். பராசக்தி குழந்தையாக வந்து செய்யும் அருட்செயல் எதுவென்று கேட்டால் அதற்குரிய விடை இக்கண்ணியில்தான் இருக்கிறது. அதை விட்டுப் பாடினால் ‘பராசக்தி’ என்ற குறிப்புக்கே பொருள் பாதி குன்றிவிடும்.

கொச்சங்காடிக் கல்லும் நோட்டுப் புத்தகமும்

இவ்வூரில் இருந்துகொண்டு இதை எண்ணுகையில் வேறொன்று நினைவுக்கு வருகிறது. கொச்சங்காடியில் 1344இல் யூதர்களின் தொழுகைக் கூடம் ஒன்று எழுந்தது. கூடம் இன்றில்லை. அதன் கல்வெட்டு மட்டும் மட்டாஞ்சேரி யூதத்தெருவின் பரதேசித் தொழுகைக் கூடத்தில் காக்கப்பட்டு நிற்கிறது. கட்டடம் போயிற்று, எழுத்து நின்றது.

கொச்சி யூதப் பெண்களிடம் மலையாளப் பாட்டுகள் இருந்தன. திருமணத்துக்கும் திருநாளுக்கும் கூடிப் பாடினர். பாட்டுகளைக் கையெழுத்து நோட்டுப் புத்தகங்களில் எழுதி வைத்துக்கொண்டனர். அவை தாயிடமிருந்து மகளிடம் சென்றன. 1950களில் அச்சமூகத்தாருள் பெரும்பாலோர் இசுரேலுக்குக் குடிபெயர்ந்தபோது நோட்டுப் புத்தகங்களும் உடன் சென்றன. பிற்காலத்தில் ஸ்கறியா சக்கறியா முதலிய அறிஞர் முயன்று அப்பாட்டுகளைத் திரட்டி மலையாளத்திலும் எபிரேயத்திலும் நூலாக்கினர். பல பாட்டுகளுக்கு மெட்டு மறந்துபோயிருந்தது. சொல் மட்டும் ஏட்டில் எஞ்சியிருந்தது.

நம் நிலை இதற்கு நேர்மாறானது. ‘சின்னஞ்சிறு கிளியே’யின் மெட்டு நம்மிடம் பழுதின்றி இருக்கிறது. ஒலிநாடா காலத்திலும் காத்தது. கைப்பேசி இன்றும் காக்கிறது. சுருங்கி வருவது சொல்லே. கோட்டைக் கொச்சியில் டச்சுக்காரர் காலந்தொட்டு வாழ்வதாகக் கூறப்படும் வண்ணார் சமூகத்தார் முதல், வணிகத்துக்காக மட்டாஞ்சேரிக் கடைவீதிக்கு வந்தோர், வில்லிங்டன் தீவின் அலுவலகங்களுக்கு மாற்றலாகி வந்த எம் போன்றோர் வரை, எல்லார் வீட்டிலும் பிள்ளைகளின் நிலை ஏறக்குறைய ஒன்றே. பள்ளியில் ஆங்கிலமும் மலையாளமும் இந்தியும். வீட்டில் தமிழ் கேட்கிறது. விடை பாதி மலையாளத்தில் வருகிறது. ஆண்டுவிழாவுக்குப் பாட்டு வேண்டுமென்றால் மலையாள எழுத்தில் எழுதிக்கொடுக்கிறோம். பிள்ளை சுருதி பிசகாமல் பாடுகிறது. ‘கலி’ என்றால் என்ன என்று கேட்டால் விழிக்கிறது.

மலையாள எழுத்தில் எழுதிப் படிப்பதைக் குற்றமென்று சொல்ல வரவில்லை. மலையாளமும் ழகரத்தைக் காத்த மொழி. அவ்வெழுத்தில் எழுதிய ‘மழலை’ பழுதில்லாமலே ஒலிக்கும். பொருள் தெரியாமல் பாடும் பிள்ளைக்கும் அப்பாட்டு ஒருநாள் பொருள் தரலாம். ஆனால் தமிழென்பது பிள்ளையிடம் ஒரு மெட்டாக மட்டும் நின்றுவிட்டால், அதை அடுத்த தலைமுறைக்கு அது எவ்வாறு கொடுக்கும்? மெட்டு தாழ்வாரம், சொல்லே வீடு. தாழ்வாரத்தில் நின்றுகொண்டே காலம் கழிக்க முடியாது.

யார் பாட வேண்டும்?

இவ்விடத்தில் நம் சங்க மேடைகளின் வழக்கம் ஒன்றை ஆராய வேண்டும். விழா நாளில் சிறுவர் சிறுமியரை வரிசையாக நிறுத்தி இப்பாட்டைப் பாடச் செய்கிறோம். பெற்றோராகிய நாம் கீழே அமர்ந்து படம் பிடிக்கிறோம். பார்ப்பதற்கு இனிய காட்சிதான். ஆயினும் கவிதையின் நோக்கில் அது தலைகீழானது. இது குழந்தையை நோக்கித் தந்தை பாடும் பாட்டு. குழந்தையே இதைப் பாடினால் பேசுவோன் இல்லை, கேட்பாரும் இல்லை. தந்தையின் அச்சத்தையும் தந்தையின் கடனையும் ஏழு வயதுப் பிள்ளையின் நாவில் ஏற்றி வைக்கிறோம். நாம் வாய் திறக்காமல் கைதட்டுகிறோம்.

குழந்தைக்கு மொழி வருவது மேடையிலன்று, மடியிலேயாம். தன்னை நோக்கி ஒருவர் அன்போடு பேசும் மொழியைத்தான் குழந்தை தன் மொழியாக்கிக்கொள்கிறது. அப்படியானால் இப்பாட்டைப் பாட வேண்டியவர் நாமே. இராகம் தெரியாதே என்று தயங்க வேண்டியதில்லை. மனோபாவத்துக்கேற்ப மாற்றிப் பாடிக்கொள்ள ஒரு நூற்றாண்டுக்கு முன்பே இசைவு கிடைத்துவிட்டது. காபி வராவிட்டால் வந்த இராகம் போதும். வசந்தகுமாரியின் பிருகாக்களையும் ஜேசுதாசின் குழைவையும் குழந்தை நம்மிடம் எதிர்பார்ப்பதில்லை.

பாடும்போது ஏழாவதில் நிற்கலாகாது என்பதே இக்கட்டுரையில் நாம் வற்புறுத்துவது. கச்சேரிப் பாடகருக்குக் காலக் கணக்கு உண்டு. உறக்கத்துக்குமுன் பிள்ளையின் அருகில் அமர்ந்திருக்கும் தந்தைக்கு அக்கணக்கு இல்லை. எட்டாம் கண்ணியைப் பாடுக. மழலை என்பது யாதென்று பிள்ளை கேட்டால், நீ பேசுவதுதான் என்று சொல்லுக. முரட்டுத்தனம் யாருக்கு என்று கேட்டால் எனக்குத்தான் என்று சொல்லத் தயங்க வேண்டா. அலுவலகத்தின் சலிப்பையும் பேருந்து நெரிசலின் எரிச்சலையும் வீட்டுக்குள் கொண்டுவரும் நமக்கு அக்கண்ணி நன்றாகவே பொருந்தும். ஒன்பதாம் கண்ணியைப் பாடிவிட்டு ஒரு கதை சொல்லுக. கதைகள் நிரம்பிய ஏட்டினும் நீ உயர்ந்தவள் என்று பிள்ளையிடம் சொன்னபின், அந்த ஏட்டையும் எடுத்துக் காட்டுக. தமிழெழுத்து அறிமுகமாவதற்கு அதனினும் நல்ல வேளை வாய்க்காது.

பாடகர்கள் இப்பாட்டுக்குச் செய்த தொண்டு பெரிது. சுப்பராமனின் மெட்டும், வசந்தகுமாரி, சுந்தரம் ஆகியோரின் குரலும் இல்லையேல், இக்கவிதை ‘கண்ணன் பாட்டு’ நூலின் ஏட்டில் அறிஞர் மட்டும் காணும் அழகாக ஒதுங்கியிருக்கக்கூடும். விசுவநாதனும் ஜேசுதாசும் சுவர்ணலதாவும் இல்லையேல் அடுத்த தலைமுறையின் செவிக்கு அது எட்டியிருக்குமோ என்பது ஐயமே. அவர்கள் ஏழாம் கண்ணி வரையில் நம்மை அழைத்து வந்தனர். எஞ்சிய மூன்று கண்ணிகளுக்கும் பெருமேடையோ பக்கவாத்தியமோ தேவையில்லை. அவை கொச்சங்காடியின் சிறு வீடுகளிலும் பாடத் தக்கவை. வரும் ஆண்டுவிழாவில் பிள்ளைகளை முன்வரிசையில் அமர்த்திவிட்டு, சங்கத்துத் தந்தையரும் தாயரும் மேடையேறி இப்பாட்டைப் பத்துக் கண்ணியும் பாட வேண்டும் என்று நாம் முன்மொழிகிறோம்.